தெர்மே யாரிடம் போனாள்?

எனக்குப் பிடித்த க்ளைமாக்ஸ் எது என்று யார் கேட்டாலும், கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு நீதிமன்ற நடைபாதையைத்தான் சொல்வேன். அதில் சண்டை இல்லை. கட்டிப்பிடித்து அழுவது இல்லை. வசனம்கூட இல்லை. டெஹ்ரானில் ஒரு குடும்பநல நீதிமன்றம். உள்ளே பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, அப்பாவோடு இருக்கப்போகிறாளா அம்மாவோடு போகப்போகிறாளா என்பதை நீதிபதியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வெளியே நடைபாதையில் அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். நடுவில் கண்ணாடித் தடுப்பு. யார் யாரோ போகிறார்கள், வருகிறார்கள். திரையில் பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன. அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது!

அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செப்பரேஷன்' 2011இல் வந்தது. அந்த ஆண்டு பெர்லின் விழாவில் தங்கக் கரடி இதற்குத்தான். நடித்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் மொத்தமாகவே வெள்ளிக் கரடிகளையும் அள்ளிக் கொடுத்தார்கள். மறு ஆண்டு ஆஸ்கரும் கிடைத்தது. ஆஸ்கர் வாங்கிய முதல் ஈரானியப் படம் இதுதான். விருதுகள் கிடக்கட்டும். அந்த நடைபாதைக்காக மட்டுமே இந்தப் படத்துக்கு நான் கோயில் கட்டுவேன்.

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று யாரும் கோபிக்க வேண்டாம். இந்தப் படத்தின் முடிவை யாராலும் சொல்ல முடியாது. தெர்மே யாரைத் தேர்ந்தெடுத்தாள் என்பது உள்ளே இருந்த நீதிபதிக்கு மட்டும்தான் தெரியும்.

கதை இதுதான். சிமின் மகளோடு வெளிநாடு போக ஆசைப்படுகிறாள், விசாவும் வந்துவிட்டது. கணவன் நாதிர் வர மறுக்கிறான், அவனுடைய அப்பாவுக்கு அல்சைமர் நோய். உங்களை மகன் என்றுகூட அவருக்குத் தெரியாதே என்கிறாள் மனைவி. அவர் என் அப்பா என்று எனக்குத் தெரியுமே என்கிறான் அவன். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்! சிமின் தாய்வீட்டுக்குப் போய்விட, பெரியவரைப் பார்த்துக்கொள்ள ரஸியே என்ற ஏழைப் பெண் வேலைக்கு வருகிறாள். அவள் கர்ப்பிணி. ஒரு நாள் பெரியவரைக் கட்டிலோடு கட்டிவைத்துவிட்டு அவள் வெளியே போகிறாள். வீடு திரும்பிய நாதிர் அந்தக் கோலத்தைக் கண்டு கொதித்துப்போய், அவளை வாசலுக்கு வெளியே தள்ளிவிடுகிறான். அவளுக்குக் கரு கலைந்துவிடுகிறது. வழக்கு வருகிறது. அவள் கர்ப்பம் என்று நாதிருக்கு முன்பே தெரியுமா? தெரியாது என்று சாதிக்கும் அப்பாவின் பொய்யைக் கண்டுபிடிப்பது மகள் தெர்மேதான். அப்பா சிறைக்குப் போய்விடுவாரே என்று நீதிபதி முன்னால் பொய் சொல்வதும் அவளேதான். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அந்தக் குழந்தை அழும் அழுகை இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒரு திரைப்படச் சங்கத்தின் சின்னக் கூடத்தில்தான் இதை முதலில் பார்த்தேன். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "என்னங்க, டிஸ்க் மாட்டிக்கிச்சா?" இன்னொருவர், "இருங்க, இன்னும் வரும்" என்றார். அப்பாவும் அம்மாவும் நடைபாதையில் காத்திருக்க, நாங்களும் நாற்காலியில் காத்திருந்தோம். விளக்கு போட்ட பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை. பிறகு வெளியே டீக்கடையில் பிடித்துக்கொண்டது பாருங்கள் வாக்குவாதம்!

"அப்பாகிட்டதான் போவா. அப்பாவுக்காகப் பொய்யே சொன்ன பொண்ணு சார் அது" என்று அடித்துச் சொன்னார், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் பொங்கிவிட்டாள். "அந்தப் பொய்யைச் சொல்ல வெச்சதே அவர்தானே சார்? அதுக்கப்புறம் அவர் முகத்துல எப்படி முழிப்பா? அம்மாகூடத்தான் போவா." ஆசிரியர் விடவில்லை. அம்மா வீட்டை விட்டுப் போனபோதும் தெர்மே அப்பாவோடுதானே தங்கினாள் என்றார். அதற்கும் அவள் பதில் வைத்திருந்தாள். தான் இங்கே இருந்தால் அம்மா வெளிநாடு போகமாட்டாள் என்றுதான் அவள் தங்கினாளாம். அப்பா மேல் உள்ள பாசம் மட்டும் காரணமில்லையாம். இரண்டுக்கும் படத்தில் சாட்சி இருக்கிறது என்பதுதான் என்னைக் கிறுகிறுக்க வைத்தது.

இன்னொருவருக்குக் கோபமான கோபம். "ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சுட்டு, கடைசியில கதவைச் சாத்தினா அது ஏமாத்து வேலை இல்லையா?" அவர் கோபத்தை நான் மதிக்கிறேன். அந்தக் குழந்தை மேல் அவ்வளவு அக்கறை வந்துவிட்டதால்தான் அவருக்கு அது பொறுக்கவில்லை. படம் தோற்றிருந்தால் கொட்டாவி விட்டபடி பஸ் ஏறியிருப்பார்.

அதுவரை பேசாமல் நின்ற ஒரு அம்மா டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் நம்ம ஊரு குடும்பக் கோர்ட்டு வராந்தாவுல நின்னவ. அந்தக் கேள்வியைப் புள்ளைகிட்ட கேட்டதே பாவம். அது யாரைச் சொன்னா என்ன? பதிலைத் தெரிஞ்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப்போறீங்க?"

யாரும் அதற்குப் பதில் பேசவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஒரே படத்தை, ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் பார்த்தோம். ஆளுக்கு ஒரு படமாக வெளியே வந்திருந்தோம்!

அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும் இந்தப் படம் எனக்குப் புதிதாக ஏதாவது தந்துகொண்டே இருக்கிறது. பெட்ரோல் பங்கில் நாதிர் மகளையே இறங்கிப் பெட்ரோல் போடச் சொல்வான். மீதிக் காசை ஏன் விட்டுவிட்டாய், போய்க் கேட்டு வாங்கு என்று அவளைத் திருப்பி அனுப்புவான். அவள் அங்கே பேசுவதைக் காருக்குள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருப்பான். எவ்வளவு அன்பு, எவ்வளவு பிடிவாதம்! வேறொரு காட்சியில் சிமின் பெட்டியோடு கிளம்பும்போது, யாரையும் அடையாளம் தெரியாத அந்தப் பெரியவர் மருமகளின் கையைப் பற்றிக்கொண்டு விடவே மாட்டார். அவள் மெல்ல மெல்லக் கையை விடுவித்துக்கொள்வாள். அப்பா பக்கம் சாய்ந்த மனசு அங்கே அப்படியே அம்மா பக்கம் வந்துவிடும். லைலா ஹாத்தமியின் முகத்தையும் பேமான் மொஆதியின் முகத்தையும் வைத்துக்கொண்டு யாரைக் குற்றவாளி என்பது? தெர்மேயாக நடித்த சரீனா இயக்குநரின் சொந்த மகள். ஒரு குழந்தை கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பெரியவர்களை எடைபோடும் பார்வையை அவளிடம் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தக் கடைசிக் காட்சிக்கு வருகிறேன். மூன்று பேரும் கறுப்பு உடையில் இருப்பார்கள். படத்தில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. தாத்தா இறந்துவிட்டார், இது அந்தத் துக்கம் என்றே எனக்குப் படுகிறது. அப்படியானால் யோசித்துப் பாருங்கள்! அப்பாவை விட்டுவிட்டு வரமுடியாது என்பதுதானே நாதிர் சொன்ன காரணம்? இப்போது அந்தக் காரணமே இல்லை. ஆனாலும் விவாகரத்து நிற்கவில்லை. பிரிவுக்குக் காரணம் பெரியவரின் நோய் மட்டுமல்ல என்பதை ஒரு உடையின் நிறத்தில் சொல்லிவிட்டுப் போகிறார் மனுஷன். தெர்மேயின் பதிலை மறைத்துவைத்த அதே காட்சியில், அதைவிடப் பெரிய பதில் ஒன்று பளிச்சென்று கண்முன்னால் நிற்கிறது.

முதல் காட்சியை இதோடு சேர்த்துப் பாருங்கள். கணவனும் மனைவியும் கேமராவைப் பார்த்து உட்கார்ந்து வழக்குச் சொல்வார்கள். நீதிபதியின் குரல் மட்டும் கேட்கும், முகம் தெரியாது. அந்த நாற்காலியில் ஃபர்ஹாதி நம்மை உட்காரவைத்துவிட்டார். அதிலிருந்து படம் முழுக்க நாம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். இவன் திமிர்பிடித்தவன், இவள் அவசரக்காரி, அந்த ரஸியே பொய் சொல்கிறாள் என்று. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு உண்மை வந்து நம் தீர்ப்பைக் கலைத்துப்போடும். கடைசியில் நீதிபதி "வெளியே இருங்கள்" என்று பெற்றோரை அனுப்பும்போது, நம்மையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறார். நாற்காலி போச்சு! டீக்கடையில் கோபப்பட்டவருக்கு வலித்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஃபர்ஹாதி இதைக் கடைசி நிமிடத்தில் திடீரென்று செய்யவும் இல்லை. நடுவிலேயே நம்மைப் பழக்கியிருக்கிறார். தப்பி வெளியே போன பெரியவரைத் தேடி ரஸியே ஓடுவாள். வண்டிகள் பாயும் சாலையின் எதிர்ப்பக்கம் அவர் நிற்பார். அவள் பதறிப்போய் நிற்கும் இடத்தில் சடாரென்று வெட்டி, வீட்டுக்குள் எல்லோரும் மேசைக் கால்பந்து ஆடுவதைக் காட்டுவார். நாமும் சிரித்தபடி கடந்துவிடுகிறோம். அந்த இடைவெளிக்குள் என்ன நடந்தது என்பதில்தான் வழக்கே தொங்குகிறது! வாசலில் தள்ளப்பட்டவள் படியில் எப்படி விழுந்தாள் என்பதும் கண்ணுக்குக் காட்டப்படுவதில்லை. இவ்வளவு நேர்மையாகக் கட்டிய படத்துக்கு அந்த மூடிய கதவு எவ்வளவு பொருத்தம்!

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் சரி, நம் ஆட்களுக்குச் 'சுபம்' போட்டால்தான் திருப்தி என்று சிலர் சொல்லக் கேட்கும்போது எனக்கு ஆற்றமாட்டாத வருத்தம். அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் வாசித்து வளர்ந்தவர்கள் நாம். ஒவ்வொரு கதையையும் கேள்வியில் கொண்டுவந்து நிறுத்தும் வேதாளம். மன்னன் பதில் சொன்ன ஒவ்வொரு முறையும் அது முருங்கை மரத்துக்கே திரும்பிவிடும். பதில் தெரியாமல் அவன் வாயடைத்து நின்ற கடைசிக் கேள்வியில்தான் அது அவன் தோளில் தங்கியது. விடையில்லாத கேள்விக்கு நம் கதைமரபு கொடுத்த மரியாதை அது! 2017இல் 'விக்ரம் வேதா' அந்த வேதாளத்தைக் கூட்டிவந்தது. விக்ரமும் வேதாவும் எதிரெதிரே நிற்க, அடுத்து என்ன ஆனது என்று காட்டாமலே புஷ்கர் - காயத்ரி படத்தை முடித்தார்கள். அதற்கு எங்கள் ஊர்த் தியேட்டரில் விசில் பறந்தது! பாலுமகேந்திரா 1988லேயே 'வீடு' படத்தின் சுதாவை நீதிமன்றத்தின் வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அவளுக்கு நியாயம் கிடைத்ததா என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது. 2024இல் பி.எஸ்.வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யில், பேயோட்டும் இடத்தில் நடப்பதைப் பார்த்துவிட்டு நிற்கிறான் சூரியின் பாண்டி. பேயோட்ட அங்கே கூட்டிவந்த மீனாவை அவன் என்ன செய்யப்போகிறான்? சொல்லாமல் படம் நின்றுவிடுகிறது. அன்றைக்குத் தியேட்டரில் "காசைத் திருப்பிக் குடுங்கய்யா" என்ற குரலும் கேட்டது. எனக்கு முன்வரிசையில் ஒரு ஆள் இருட்டில் தன் மனைவியின் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். பாண்டியிடம் வைத்த கேள்வி நேராக அவருக்கே வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாத் திறந்த முடிவுகளையும் நான் கொண்டாடமாட்டேன். அடுத்த பாகத்துக்கு ஆள் பிடிக்கக் கேள்வியைத் தொங்கவிடுவது வேறு கணக்கு. 2015இல் கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான் என்று ஊரே கேட்டது. ஜோரான வேலை, ஆனால் அது தவணை. 2017இல் பாக்கியை அடைத்துவிட்டார்கள். இன்னும் சில படங்கள் எப்படி முடிப்பது என்று தெரியாமல் பனிமூட்டத்தைக் காட்டிவிட்டு ஆழம் என்று பேர் பண்ணும். அங்கே டீக்கடை வாக்குவாதம் நடக்காது, ஏனென்றால் எடுத்துப் பேச ஒரு சாட்சியும் படத்தில் இருக்காது. 'எ செப்பரேஷன்' சாட்சிகளை நம் மடியில் கொட்டிவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறது. தெர்மேகூட 'இன்னும் முடிவெடுக்கவில்லை' என்று சொல்வதில்லை. முடிவெடுத்துவிட்டேன் என்கிறாள். அப்பா அம்மா எதிரில் சொல்லத்தான் தயங்குகிறாள். பதில் அங்கே இருக்கிறது. கேட்கும் உரிமைதான் நமக்கு இல்லை.

தெர்மே யாரிடம் போனாள் என்று என்னைக் கேட்டால், அம்மாவிடம்தான் என்பேன். அந்தக் கல்லூரிப் பெண் என்னை மாற்றிவிட்டாள். நீங்கள் பார்த்துவிட்டு இல்லை என்று சண்டைக்கு வந்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. படம் 2 மணி 3 நிமிடம். தனியாகப் பார்க்காதீர்கள், வீட்டில் உங்களோடு அடிக்கடி முரண்டு பிடிக்கிறவர் யாரோ, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிட வேண்டாம். வீட்டில் பார்த்தால் அடுத்த படத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் பொத்தானைத் தொடவே வேண்டாம். கடைசிப் பெயர்வரை அந்த நடைபாதையில் நில்லுங்கள்.