ஆறு மாத மௌனம்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெருவில், குடும்பத் தொழிலில் சேர்வது என்பது பெரும்பாலும் ஒரு முடிவாக நடப்பதில்லை. கடைசிப் பரீட்சை முடிந்த வாரம், "ரிசல்ட் வர்ற வரைக்கும் கடையில வந்து உக்காரு" என்பார் அப்பா. அதற்குள் ஓணம் வந்துவிடும், ஆள் போதாது. அப்புறம் கணக்கப்பிள்ளை உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போவார். இரண்டு வருடம் கழித்துக் கல்லாவில் இருப்பது அந்தப் பிள்ளைதான். எந்தத் தேதியில் சேர்ந்தாய் என்று கேட்டால் பதில் இருக்காது. இந்த வழக்கத்தின் வலிமை, பலவீனம் இரண்டையும் எடைபோடும்போது என்னை உறுத்துவது இந்தத் தேதியில்லாத சேர்க்கைதான்.

வலிமையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஊருக்குச் சரக்கு வந்து சேர வேண்டும் என்று திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய கடைத்தெரு இது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் செங்கோட்டைப் பக்கமிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே வேரூன்றின. இன்றும் நகரத்தின் காய்கறியும் பலசரக்கும் பெரும்பகுதி எல்லைக்கு அப்பாலிருந்தே வருகின்றன. அந்த லோடுகள் முன்பணம் இல்லாமல் இறங்குவது பெயரை நம்பித்தான். ஒரு வியாபாரி தொலைபேசியில் சொன்ன வாய்ச்சொல்லுக்கு லாரி கிளம்புகிறது என்றால், அதன் பின்னால் முப்பது நாற்பது வருட நாணயம் இருக்கிறது. புதிதாகக் கடை போடும் ஒரு பட்டதாரிக்கு எந்த வங்கியும் அந்த நம்பிக்கையைக் கடனாகத் தராது.

ஆற்றுகால் கோவில் பொங்கலையை எடுத்துக்கொள்வோம். கும்ப மாதத்தில் ஒரே நாளில் பல லட்சம் பெண்கள் நகரத் தெருக்களில் அடுப்பு மூட்டுகிறார்கள். 2009இல் 25 லட்சம் பேர் கூடியதாகக் கின்னஸ் பதிவே உண்டு. மண்பானை எத்தனை, வெல்லம் எத்தனை மூட்டை, பச்சரிசி எந்த ரகம், எத்தனை நாள் முன்னால் வாங்கினால் விலை ஏறாது, பொங்கலை முடிந்த மறுநாள் எவ்வளவு மிஞ்சினால் தாங்கும் என்பதெல்லாம் அப்பாவின் தலையில் இருக்கிறது. எந்த வணிகவியல் பாடப்புத்தகத்திலும் அது கிடையாது. பக்கத்தில் நாலு பொங்கலைக் காலம் நின்றால்தான் கைவரும். ஆனால் 2021இல் கோவிட் காரணமாகப் பொங்கலை அவரவர் வீட்டு முற்றத்தோடு நின்றது. பரம்பரை அனுபவம் முழுவதும் செல்லுபடியாகாத அப்படியொரு வருடத்தில் கைச்சரக்கின் நட்டம் யார் தலையில் விழும்? பெரும்பாலான கடைகளில் இதற்கு எழுதிவைத்த விடை இல்லை.

சட்டத்தில் விடை இருக்கிறது, கொஞ்சம் கடுமையானதுதான். கடை கூட்டாண்மையாக நடந்தால், பிள்ளையைச் சிறு வயதிலேயே இலாபத்தில் மட்டும் பங்குள்ளவராகச் சேர்த்துவைக்க 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 30ஆம் பிரிவில் இடம் தருகிறது. 18 வயது முடிந்த பின், அல்லது தான் அப்படிச் சேர்க்கப்பட்டிருப்பது தெரியவந்த பின், எது பிந்தியதோ அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் கூட்டாளி ஆகிறேன் அல்லது ஆகவில்லை என்று பொது அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கூட்டாளி ஆகிவிடுவார். ஆனதும், சேர்க்கப்பட்ட நாளிலிருந்து கடை பட்ட கடன்களுக்கெல்லாம் தன் சொந்தச் சொத்திலிருந்தும் பதில் சொல்ல வேண்டியவராகிறார். பட்டம் வாங்கும்போது வயது 21. விஷயம் முன்பே தெரிந்திருந்த பிள்ளைக்கு அந்த ஆறு மாதம் எப்போதோ கடந்திருக்கும். வேலைக்குப் போகலாமா, கடைக்குப் போகலாமா என்று இரவெல்லாம் யோசிக்கும் ஒருவர், முதலில் கேட்க வேண்டியது கூட்டாண்மைப் பத்திரத்தைத்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அப்பா தன் உழைப்பில் தொடங்கிய கடை அவருடைய தனிச்சொத்து. அவர் உயில் எழுதாமல் காலமானால், இந்துக் குடும்பங்களில் 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. அது நியாயமான சட்டம். ஆனால் இருபது வருடம் சம்பளமில்லாமல் ஷட்டரைத் தூக்கிய மகனுக்கும், துபாயில் சம்பாதித்த தம்பிக்கும் ஒரே பங்கு என்றாகும்போது அண்ணன் தம்பி பேச்சு முறிகிறது. "எல்லாம் உனக்குத்தானேடா" என்ற வாக்கை நம்பிக் கூலியை விட்டுக்கொடுத்தவர் அவர். மாதச் சம்பளம் எழுதிக் கொடுத்திருந்தால், பங்கு பிரிக்கும் நாளில் மனத்தாங்கலுக்கு இவ்வளவு இடம் இருந்திருக்காது.

சம்பளம் கேட்பது அப்பாவை அவமதிப்பது என்று நினைக்கிறோம். நம் வணிக மரபு அப்படி நினைக்கவில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் கடல் கடந்து கொண்டுவிற்கப் போன காலத்தில், பிள்ளைகள் பெரும்பாலும் இன்னொருவர் கடையில் பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, பிறகே பொறுப்புக்கு வந்தார்கள். வேலை மூன்று வருடத் தவணை, அதற்குச் சம்பளச் சீட்டு. ராஜா கேசவதாஸும் இளமையில் பூவாறு வணிகர் போக்கு மூசா மரைக்காயரிடம் கணக்கு எழுதியவர் என்றே சொல்லப்படுகிறது. இன்னொருவர் கல்லாவில் தப்புச் செய்து, திட்டு வாங்கி, கற்றுக்கொண்டு வருவதை விடச் சிறந்த பயிற்சியை என்னால் யோசிக்க முடியவில்லை. சாலைக் கடைத்தெருவிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளிக் கழக்கூட்டத்தில் 1990இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க்கில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு வருவதும் இந்த மரபுக்கு அந்நியம் இல்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு படித்த பிள்ளையைக் கடைக்கு அழைக்கும் ஆர்வம் கூடியிருக்கிறது. ஆனால் ரிட்டர்ன் போடுவதற்கு மட்டும் என்றால் ஒரு கணக்கர் போதும். கொள்முதலில் பேச இடமில்லாத பட்டதாரி, கூலியில்லாத குமாஸ்தா.

மகள்களின் நிலை வேறு. 2023–24ஆம் ஆண்டின் மத்திய அரசுத் தொழிலாளர் கணக்கெடுப்பில், கேரளத்தில் 15 முதல் 29 வயது வரையிலானவர்களின் வேலையின்மை 29.9 விழுக்காடு, பெண்களில் மட்டும் 47.1. இவ்வளவு படித்த பெண்கள் வேலை தேடிக்கொண்டிருக்கும் மாநிலத்தில், கடைக்கு வருகிறாயா என்ற கேள்வி மகளிடம் கேட்கப்படுவதே அபூர்வம். மகனுக்கு மறுக்க வழியில்லை, மகளுக்கு ஏற்க வழியில்லை. இந்த வழக்கத்தின் மிகப் பெரிய வீண்செலவு இதுதான்.

கடை ஒருவரைச் சுருக்கிவிடும் என்ற பயத்துக்கு மட்டும் என்னிடம் உடன்பாடு இல்லை. எழுத்தாளர் ஆ. மாதவன் இதே சாலைத் தெருவில் பல பத்தாண்டுகள் செல்வி ஸ்டோர்ஸ் நடத்தியவர். சுமை தூக்குபவர்களும் சில்லறைத் திருடர்களும் நடமாடும் அவருடைய 'கடைத்தெருக் கதைகள்' தொகுப்பு அந்தக் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்த கண்ணிலிருந்து வந்தது. 2015இல் அவருக்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. எழுத்தும் வியாபாரமும் ஒரே ஆளிடம் இருக்க முடிந்தது. ஆனால் எழுதுவதற்கான நேரம் தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சேருபவருக்குத் தேதி, சம்பளம், பேரேட்டைப் பார்க்கும் உரிமை, விலகும் வழி நான்கும் ஒரு தாளில் வேண்டும். சேராதவரும் காலத்தில் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும்போது வரும் 'வேண்டாம்' என்ற பதில், நம்பிக்கையான ஊழியரைப் பங்காளியாக்கவோ கடனைக் குறைக்கவோ அவருக்குப் பத்து வருடம் தருகிறது. அதே பதில் அவருடைய அறுபத்தைந்தாம் வயதில் வந்தால், குடோனில் நிற்கும் சரக்கை வந்த விலைக்குத் தள்ளிவிடுவதைத் தவிர அவர் செய்வதற்கு அதிகம் இருக்காது.