போர்க்கப்பலின் மெய்க்கீர்த்தி

மெய்க்கீர்த்தி என்பது வெற்றி பெற்ற வேந்தன் கல்லிற் பொறித்த தன் வரலாறாகும். அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. முதலாம் இராசேந்திரன் கடாரம் கொண்டமையை அவன் மெய்க்கீர்த்தி விரித்துரைக்கும். கலஞ்செலுத்திய மீகாமன் பெயரை உரையாது. விக்டோரியா அரசியின் ஆட்சியிறுதியில் எழுந்த பிரித்தானிய நாசகாரிக் கப்பல்களின் பணிவரலாறுகளும் இவ்வகையினவே. அவற்றையும் கல்வெட்டைப் படிக்கும் முறையிலேயே படித்தல் வேண்டும்.

'பேம்' என்னும் நாசகாரி இதற்குத் தக்க சான்று. 1896இல் நீரில் இறக்கப்பெற்ற இக்கலம், மணிக்கு 30 கடல்மைல் ஓடும் வகையினது. சீனக்கடலிற் பணிபுரிந்து, 1921இல் ஹொங்கொங்கில் விற்கப்பட்டது. இக்கால் நூற்றாண்டுப் பணியுள் வரலாறு பெரிதும் போற்றுவது ஒரு விடியற்பொழுதையே. 1900 யூன் 17இல், பன்னாட்டுக் கடற்படைகள் சீனத்துத் தாக்குக் கோட்டைகளைத் தாக்கியபோது, லெப்டினன்ட் றொஜர் கீஸ் தலைமையில் பேமும், அதன் துணைக்கலமான வைற்றிங்கும் நான்கு சீன நாசகாரிகளைக் கைப்பற்றின.

செய்தி மெய்யே. ஆயின், சீனா போர்ப் பிரகடனம் செய்தது யூன் 21இல். அஃதாவது நான்கு நாள் கழித்து. முதலிற் சுட்டவை கோட்டைகளே என விடையிறுப்பார் உளர். அக்கோட்டைகளை ஒப்படைக்குமாறு இறுதி எச்சரிக்கை விடுத்தவர் எவர் என்பதையும் அவர் உடன் கூறுதல் முறையாகும்.

இதனினும் நோக்குதற்குரியது பெயர்மாற்றம். அந்நான்கு கலங்களும் பிரித்தானியா, பிரான்சு, ஜேர்மனி, ருஷ்யா ஆகிய நாடுகளுக்குப் பங்கிடப்பட்டன. கடலைக் குறிக்கும் 'ஹை' என்னும் சொல்லில் தொடங்கிய அவற்றின் சீனப் பெயர்கள் மறைந்தன. நான்கிற்கும் முதலில் இடப்பட்டது 'தாக்கு' என்னும் ஒரே பெயர். ருஷ்யர் பின்னர்த் தம் கலத்திற்கு, அப்போரில் மாண்ட தம் அதிகாரி புராகொவின் பெயரைச் சூட்டினர். சீனர் தோற்ற இடமே அவர்தம் கலங்களுக்குப் பெயராயிற்று.

வென்றோர் எழுத்து வன்னிநாட்டார்க்குப் புதிதன்று. ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல், 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் றிபேர்க் பண்டாரவன்னியனை முறியடித்தமையைக் கூறிற்று. அதே ஆண்டு ஓகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியமையை அது கூறவில்லை. எனினும் தோற்றவன் பெயரை அக்கல் மறைக்கவில்லை. அப்பெயர் இருந்தமையால், அவன் யார், எதன்பொருட்டுப் போரிட்டான் என்று பின்வந்தோர் வினவ முடிந்தது. தாக்குவிற் பிடிபட்ட கலங்களோ, அவ்வினாவுக்குரிய பெயரையும் இழந்தன.

ஆதலின், பணிவரலாறுகள் பொய்யென ஒதுக்கத்தக்கன அல்ல. நாளும் இடமும் அறிய அவை இன்றியமையாதன. ஆயின் வென்ற கலத்தின் வரலாற்றோடு, வெல்லப்பட்ட கலத்தின் பழைய பெயரையும் தேடிச் சேர்த்தெழுதுதல் வரலாற்றாசிரியன் கடனாகும். அஃதின்றேல் அவன் எழுதுவது வரலாறன்று. மெய்க்கீர்த்தியின் படியே ஆகும்.