இழைய வகையும் இனப்பெயரும்

ஓரினத்தார் இழையங்கள் தம்முள் எளிதிற் பொருந்தும் என்பாரும் உளர். அக்கூற்று ஆராயற்பாலது.

எச்.எல்.ஏ. பிறபொருள்களுள் முதலாவதை 1958இல் பிரான்சிய அறிஞர் ஜான் தோசே கண்டறிந்தார். பன்முறை மகப்பேறுற்ற தாய்மாரின் குருதி நீர்ப்பாயங் கொண்டே அவற்றை நெடுங்காலம் வகுத்தனர். அம்முறை பயனுடையது, ஆயினும் பருமட்டானது. நீர்ப்பாயம் 'டி.ஆர். 4' என ஒரே பெயரிட்டவற்றை, ஒற்றைக் கலத்தினின்று பெருக்கிய ரி-கல வழித்தோன்றல்கள் வெவ்வேறெனப் பிரித்துக் காட்டின. வேற்றுமையோ சில அமினோ அமிலங்களே. இக்கலங்களைப் பேணல் அரிதாகலின், இன்று அப்பணியை மரபணு வரிசை வாசிப்பு ஏற்றுளது. எனினும் அவை புகட்டிய பாடம் நிலைபெறுவது: பெயர் ஒன்றாதலாற் பொருள் ஒன்றாகாது.

பதுளை, பசறை, பண்டாரவளைத் தோட்ட மக்களை 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு 'இந்தியத் தமிழர்' என்னும் ஒரு தொகையுள் அடக்கிற்று. அப்பெயர் ஆட்சிக்கு உதவலாம். இழைய வகைக்கு உதவாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பிச்சப்பனும் குழுவினரும் தமிழ்நாட்டு மக்கட் பிரிவுகளின் எச்.எல்.ஏ. பிறபொருள்களை ஆராய்ந்து 1984இல் வெளியிட்டமை ஈண்டு நினையத்தக்கது.

ஓரினத்துட் பொருந்தும் வாய்ப்பு மிகுமேயன்றி உறுதியாகாது. உடன்பிறந்தார் இருவர் முற்றும் பொருந்தும் வாய்ப்பே நான்கில் ஒன்றுதான். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ உடன்பிறந்தாரையும் கடல் கடத்திப் பிரித்தது. பதுளையிலுள்ள தமையனுக்கு வேண்டிய என்பு மச்சை நீலகிரியில் வாழும் தங்கையிடம் இருத்தல் கூடும். ஆதலின் ஊவாத் தோட்ட மக்களும் கொடையாளர் பதிவேடுகளிலே தொகைப் பெயராலன்றித் தனித்தனி ஆளாய் இடம்பெறுதல் வேண்டும் என்பதே எம் துணிபு.