திகிலுக்கு மதிப்பெண் கிடையாது

உலகின் அசாத்திய விமான நிலையங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் நேபாளத்தின் லுக்லா அதில் வந்துவிடும். மூடிக் கால் நூற்றாண்டு கடந்த ஹாங்காங்கின் கை டாக்கும் வந்துவிடும். இரண்டிலும் விமானம் இறங்கும் காணொளிகளை நானும் கண் இமைக்காமல் பார்த்தவன்தான். ஆனால் பார்த்து முடித்ததும் யாரை மெச்சுகிறோம்? விமானியை. குறுகலான சந்துக்குள் பேருந்தை நுழைத்துக் கீறல் விழாமல் எடுத்த ஓட்டுநருக்குக் கைதட்டலாம். அதற்காக அந்தச் சந்துக்கு நல்ல சாலை என்று சான்றிதழ் தருவோமா?

ஓடுபாதையை எடைபோட வேறு கேள்வி வேண்டும். விமானி தவறும்போதும், மழையோ காற்றோ கணக்கைக் கெடுக்கும்போதும் அது எவ்வளவு இடம் கொடுக்கிறது? இந்த அளவுகோலை எடுத்தால் புகழ்பெற்ற பெயர்கள் சில சரியத் தொடங்கும்.

முதலில் சரிவது கை டாக். 1958இல் கவுலூன் வளைகுடாவில் மண் கொட்டி நீட்டிய பாதை அது; பிறகு 3,390 மீட்டராக வளர்ந்தது. நீளத்தில் குறை சொல்ல முடியாது. சிக்கல் வருகிற வழியில். கட்டம் கட்டமாக வண்ணம் பூசிய ஒரு குன்றை நோக்கியே பறந்துவந்து, அதைக் கண்ணால் கண்டபின் வலப்பக்கம் 47 பாகை திரும்பி, அடுக்குமாடி வீடுகளுக்கு மேல் தணிந்து இறங்க வேண்டும். கடைசித் திருப்பத்தில் கருவிகள் கைவிட்டுவிடும். விமானியின் கண்தான் துணை. 1993 நவம்பர் 4 அன்று ஒரு ஜம்போ விமானம் பாதையைத் தாண்டித் துறைமுகத் தண்ணீருக்குள் போனது. 396 பேரும் பிழைத்தார்கள். 1998 ஜூலையில் நிலையத்தையே மூடிவிட்டு, செக் லாப் கோக்கில் நீளமும் வெளியும் உள்ள புதிய இடத்துக்கு ஹாங்காங் மாறியது. பழையதற்கு ஏங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த ஏக்கம் விமான ரசிகர்களுடையது. தலைக்கு மேல் சத்தம் கேட்டே வளர்ந்த கவுலூன்வாசிகளைக் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

லுக்லாவை அதே தட்டில் வைப்பது அநியாயம். 1964இல் எட்மண்ட் ஹிலாரி முன்னின்று, ஷெர்பா மக்களின் உழைப்பில் உருவானது அது. 527 மீட்டர்தான் நீளம், 11.7 விழுக்காடு சரிவு. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் சுமார் 60 மீட்டர் உயர வித்தியாசம், இருபது மாடிக் கட்டடம் அளவுக்கு. பட்டியல்காரர்கள் இந்தச் சரிவைக் காட்டித்தான் பயமுறுத்துகிறார்கள். உண்மையில் நிலையத்தைக் காப்பாற்றுவதே சரிவுதான். இறங்கும் விமானம் மேடேறுவதால் வேகம் தானாகக் குறைகிறது. கிளம்பும் விமானம் இறக்கத்தில் ஓடுவதால் வேகம் தானாகக் கூடுகிறது. நீளத்துக்கு இடமில்லாத மலையில், மலையையே பிரேக்காகவும் விசையாகவும் ஆக்கிய யோசனை எளிமையானது, கூர்மையானது. ஆனால் மேல்முனையில் மலை நிற்கிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு எழும்பிச் சுற்றிவர வழியில்லை. 2008 அக்டோபரில் மூட்டத்தில் வந்த ஒரு சிறு விமானம் பாதைக்குச் சற்றுமுன் மோதி 18 பேர் இறந்தார்கள். யோசனைக்கு முழு மதிப்பெண் தரலாம். தவறுக்கு இடம் கொடுத்ததற்கு ஒன்றும் தர முடியாது.

இந்த அளவுகோல் லுக்லா போன்ற மலையேறிகளின் ஊருக்கு மட்டும் பொருந்துவதன்று. 2010 மே 22 அன்று மங்களூரில் இறங்கிய விமானம் 2,450 மீட்டர் பாதையில் பாதிக்கும் மேல் கடந்துதான் தரை தொட்டது. 158 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டிலும் ஏறக்குறைய அதே கதை, 21 பேர். இரண்டு விசாரணைகளும் விமானிகளின் பிழையைச் சொன்னன. சரி. ஆனால் விமானி பிழைசெய்த அந்த நொடியில்தான் ஓடுபாதையின் வேலை தொடங்குகிறது. இரண்டுமே குன்றின் தலையைச் சீவி அமைத்த டேபிள்டாப் பாதைகள். முனையைத் தாண்டினால் பள்ளம். மங்களூர் பாதையின் நீளம் அந்த ரக விமானத்துக்குப் போதாதது என்று யாரும் சொல்ல முடியாது. குறைந்தது பாதை அல்ல, பாதைக்கு அப்பால் இருக்க வேண்டிய வெற்று நிலம்.

இதே பள்ளத்தை நேருக்கு நேர் சந்தித்த ஓர் இடம் உண்டு: அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலின் மதெய்ரா தீவு. 1964இல் திறந்தபோது பாதை 1,600 மீட்டர். ஒருபுறம் மலை, மறுபுறம் கடல். 1977 நவம்பர் 19 இரவு, அடைமழையில் மூன்றாவது முயற்சியாக இறங்கிய போயிங் 727 நெடுந்தூரம் தள்ளித் தரை தொட்டு, ஈரத்தில் வழுக்கி, முனையைத் தாண்டி விழுந்தது. 131 பேர் மாண்டார்கள். 1980களில் 200 மீட்டர் கூட்டினார்கள். அது ஒட்டுப்போடும் வேலை. 2000இல் செய்ததுதான் பேசத்தக்கது. கரை செங்குத்தாக இறங்குவதால், மண் கொட்டாமல் 180 கான்கிரீட் தூண்களை எழுப்பி, அவற்றின் மேல் தளம் போட்டு, பாதையை 2,781 மீட்டராக்கினார்கள். வடிவமைத்த பொறியாளர் அன்டோனியோ செகடாயிஷ் தவாரிஷ். 2004இல் பாலம், கட்டுமானத்துக்கான சர்வதேசச் சங்கத்தின் சிறந்த கட்டுமான விருது இதற்குக் கிடைத்தது. தூண்களுக்கு இடையில் நெடுஞ்சாலை போகிறது, கீழே விளையாட்டுத் திடல்கள். (2017இல் நிலையத்துக்குக் கிறிஸ்டியானோ ரொனால்டோவின் பெயர் வைத்து ஒரு சிலையும் திறந்தார்கள். அந்த முகம் உலகமெங்கும் கேலிப்பொருளானது. நல்லவேளை, தூண்களைச் செய்தவர்கள் வேறு ஆட்கள்.)

மதெய்ராவை மற்றவற்றுக்கு மேலே வைத்தால் எதிர்வாதங்கள் உண்டு. இடமாறிய செக் லாப் கோக் இதைவிடப் பாதுகாப்பானதல்லவா? ஆம், ஆனால் ஹாங்காங்குக்கு மாறிப்போக ஒரு தீவு கிடைத்தது. மதெய்ரா இருந்த இடத்திலேயே இல்லாத நிலத்தை உண்டாக்கியது. லுக்லாவுக்கு அத்தனை பணம் ஏது என்பார்கள். நியாயம்தான், அதனால்தான் லுக்லாவைக் கை டாக்குக்கு மேலே வைக்கிறேன். மூன்றாவது வாதத்துக்குத்தான் என்னிடம் முழுப் பதில் இல்லை. தூண்களால் நீளத்தைத் தர முடிந்தது, காற்றை மாற்ற முடியவில்லை. மலைமேல் மோதிப் புரண்டு வரும் காற்று பாதைமேல் இன்றும் கொந்தளிக்கிறது. தனிப்பயிற்சி பெற்ற விமானிகளே இங்கு இறங்கலாம். காற்று வரம்பு மீறினால் முடிவை அவர்கள் விருப்பத்துக்கு விடுவதில்லை.

இந்தக் குறையோடும் என் முதலிடம் மதெய்ராவுக்கே. அங்கே இன்றும் பலத்த காற்று நாளில் பயணிகள் வட்டமடித்துக் காத்திருந்து, பக்கத்துப் போர்ட்டோ சான்டோ தீவில் இறங்கி, எரிச்சலோடு மறுவிமானத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையை யாரும் காணொளி எடுப்பதில்லை.