வட்டத்துக்குள் ஒரு சபை

சோழரோடு தமிழ்ச் சுவரோவியம் முடிந்தது, அப்புறம் வந்ததெல்லாம் சுவருக்கு அடித்த வர்ணம். இப்படிச் சொல்வது இப்போது நல்ல ரசனைக்கு அடையாளமாகிவிட்டது. பௌர்ணமிக் கிரிவலத்தில் அடி அண்ணாமலை டீக்கடை வாசலில் நின்று ஓவிய நண்பர் ஒருவரும் இதையே சொன்னார். மறுநாள் காலையில் அவரைப் போளூர் பஸ்ஸில் ஏற்றித் திருமலைக்கு இழுத்துப்போனேன்.

பழைய கதை தெரிந்ததுதான். சித்தன்னவாசல் சமணக் குகையின் தாமரைக் குள ஓவியத்தைப் புகழாதவர் இல்லை. அது சமவசரணத்துக்குப் போகும் வழியிலுள்ள பொய்கை என்று அறிஞர்கள் விளக்கிய பிறகும், நாம் குளத்தங்கரையிலேயே நின்றுவிட்டோம். ஜினர் அறம் உரைக்கும் சபைக்குள் போகவில்லை. தஞ்சையில் 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி சோழ ஓவியத்தைக் கண்டறிந்தார். பின்னாளில் தொல்லியல் துறை மேலிருந்த நாயக்கர் படலத்தைப் பக்குவமாக உரித்துப் பலகையில் ஏற்றியது. அபாரமான கைவேலை, மறுக்கவில்லை. ஆனால் அடியில் இருப்பது கலை, மேலே இருப்பது மறைப்பு என்ற தீர்ப்பும் அந்த உரிப்போடு சேர்ந்தே வந்தது.

ரோமிலும் இந்தக் கூத்து நடந்தது. ரஃபேலுக்குப் பின் வந்தவர்களை 'மேனரிஸ்ட்' என்று ஒதுக்கினார்கள். வத்திக்கான் நூலகத்தின் சிஸ்டைன் மண்டபத்தில், 1580-களின் கடைசியில், சேசரே நெப்பியாவும் ஜியோவானி குவெர்ராவும் நடத்திய குழு திருச்சபையின் பழைய பொதுச்சங்கங்களை வரிசையாக வரைந்தது. இந்தப் பாணிக்கு மதிப்பு திரும்ப 20-ம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. நாம் இன்னும் 'சீரழிவு' என்ற சொல்லை விடவில்லை.

திருமலையில் ராஜேந்திரனின் கங்கை வெற்றியைச் சொல்லும் கல்வெட்டுக்காகப் போகிறவர்களே அதிகம். குந்தவை பெயரில் ஜினாலயம் இருந்த மலை. பாறைக்கு அடியில் செங்கல் வைத்துத் தடுத்த சிறு அறைகளில், சோழருக்குச் சில நூற்றாண்டுகள் பிந்திய சமவசரணம் இருக்கிறது. தேர்ச்சக்கரம் போன்ற வட்டம். ஆரங்கள் பிரித்த கட்டங்களில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வட்டம் வானத்திலிருந்து பார்த்தது, உட்கார்ந்திருப்பவர்களோ எதிரே நின்று பார்த்தது. வரையத் தெரியாத கை என்று நண்பர் சிரித்தார். சமவசரணத்தில் ஜினர் நான்கு திசைக்கும் முகம் காட்டுகிறவர். சுற்றிப் பன்னிரண்டு கூட்டம்: முனிவர், ஆர்யிகை எனும் பெண்துறவி, தேவர், மனிதர், கடைசியில் விலங்குகளும். யாருக்கும் முதுகு காட்டாத ஒருவரை ஒற்றைக் கோணத்தில் எப்படி அடக்குவது? இந்த ஓவியன் கோணத்தையே தூக்கிப்போட்டான். தஞ்சை நடனமாதரின் இடுப்பு வளைவுக்கு உருகுகிறவர்கள் இந்தத் துணிச்சலுக்கும் கொஞ்சம் உருகலாம்.

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றமும் அப்படித்தான். விஜயநகர அமைச்சர் இருகப்பன் 1387-ல் கட்டிய சங்கீத மண்டபத்து விதானத்தில் தீர்த்தங்கரர் கதைகள் பட்டை பட்டையாக ஓடும், அடியில் தமிழில் விளக்கம். டி.என். ராமச்சந்திரன் 1934-லேயே தனி நூல் எழுதிவிட்டார். எழுத்து வந்தால் ஓவியம் தோற்றது என்கிறார்கள். கதை சொல்ல வந்தவனுக்கு எழுத்து என்ன பகையா?

ஆவுடையார்கோயிலில் சமணர் கழுவேற்றத்தை வரைந்ததும் இதே பிற்காலத் தூரிகைதான். அங்கே சமய வாதத்தின் முடிவு கழுமரம். திருமலை வட்டத்திலோ மிருகத்துக்கும் உட்கார இடம் உண்டு. இரண்டையும் ஒரே 'நாயக்கர் பாணி' மூட்டைக்குள் கட்டுவது சோம்பல்.

நண்பர் செல்போன் வெளிச்சத்தை வட்டத்தின் மேல் பிடித்து, கட்டங்களை எண்ணத் தொடங்கினார். காரை உதிர்ந்த இடத்தில் கணக்குத் தப்பியது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார்.