விளிம்பில் ஒரு பெயர்: போர்ப் பதக்கம் சேர்ப்போரின் மூன்று மரபுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய வெள்ளி எந்த உருவத்தில் வந்தாலும் அதற்கு ஒரே நீதிதான்: உரசிப் பார்ப்பது, எடை போடுவது, மூசையில் இடுவது. கொலுசுத் தொழிலால் வாழும் ஊரில் இது இயல்பு. ஆனால் முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கமும் வெள்ளிதான், 36 மி.மீ. குறுக்களவும் ஏறக்குறைய ஓர் அவுன்ஸ் எடையும் கொண்ட தரமான வெள்ளி. அதனுடன் பெரும்பாலும் சேர்ந்தே வந்த வெற்றிப் பதக்கம் வெண்கலம். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம், குறிப்பாக 1980-இன் தொடக்கத்தில், உலகெங்கும் வெள்ளிப் பதக்கங்கள் உருகின. வெண்கலத் துணைகள் தனித்து நின்றன. ஆகவே சேலம், நாமக்கல் சமவெளியில் போர்க்கால நினைவுப் பொருள் சேர்ப்பவர் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, பதக்கத்தின் மதிப்பு உலோகத்திலா, அரிதான வகையிலா, அதைப் பெற்ற ஆளிலா என்பது. சேர்ப்போரின் மூன்று மரபுகளும் இதற்கு வெவ்வேறு விடை சொல்கின்றன. மூன்றையும் நிறுத்துப் பார்த்தால் ஆளுக்கே முதலிடம் என்று சொல்லத் தோன்றுகிறது.

முதல் மரபு நாணயச் சேகரிப்பிலிருந்து வந்தது. வகைக்கு ஒன்று, தேயாத அச்சு, எந்த அக்கசாலை, எந்த உலோகம் என்று பார்ப்பது. நம் பகுதிக்கு நெருங்கிய மிகப் பழைய பதக்கம் ஒன்றுக்கு இந்த முறையே சரியான முறை. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் சீமையும் பாராமகாலும் கும்பினியார் கைக்கு வந்தன. 1799 மே 4-இல் திப்புவின் தலைநகர் வீழ்ந்தது. அந்த வெற்றிக்காகக் கும்பினியார் வெளியிட்ட பதக்கத்தில் சிங்கம் புலியை வீழ்த்துகிறது. தளபதிகளுக்குத் தங்கம், அடுத்த படியினருக்குப் பொன்முலாம், பிறகு வெள்ளி, வெண்கலம், கடைசிச் சிப்பாய்க்கு வெள்ளீயம் என உலோகமே தகுதியைக் காட்டியது. பர்மிங்காம் சோஹோ அச்சுக்கு 48 மி.மீ., கல்கத்தா அச்சுக்கு 45 மி.மீ. குறுக்களவு. பெற்றவர் பெயர் பொறித்து வழங்கப்படாததால் அளவும் உலோகமும் தவிர வேறு சாட்சி இல்லை. இதே அளவுகோலை 1914-க்குப் பிந்தைய பதக்கங்களுக்கும் நீட்டும்போதுதான் தவறு நேர்கிறது. பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெண்கலத்திலும் உண்டு. தொழிலாளர் படைகளில் சுமை தூக்கியவர்களுக்கும் மண் வெட்டியவர்களுக்கும் அப்படிச் சுமார் 1,10,000 கொடுத்தார்கள். வெள்ளியாக இல்லையே, போலியாக இருக்குமோ என்று அதை ஒதுக்குபவர், படையின் கடைநிலையில் உழைத்தவரின் தடயத்தையே ஒதுக்கிவிடுகிறார்.

இரண்டாம் மரபு படைப்பிரிவைப் பின்தொடர்வது. தொப்பிச் சின்னம், தோள்பட்டை எழுத்து, பித்தளைப் பொத்தான் ஆகியவை இவர்களின் பொருள்கள். காலக்கணிப்பில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. 73-ஆம், 75-ஆம், 79-ஆம் கர்நாடிக் காலாட்படைகள் 1922 சீரமைப்பில் 3-ஆம் மதராஸ் ரெஜிமெண்டுக்குள் சென்றன. அந்த ரெஜிமெண்டும் சில ஆண்டுகளில் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போது மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுந்தது. ஆகவே பழைய எண்ணும் ‘கர்நாடிக்’ என்ற சொல்லும் சேர்ந்த சின்னம் 1922-க்கு முந்தைய பிரிவைக் குறிக்கும். ஆனால் பெயரில்லாத சின்னத்தை மறுபடி அடிப்பது எளிது. சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் விருதுகளை வியன்னாவின் ரூடால்ஃப் சூவால் நிறுவனம் செய்தது. போருக்குப் பின்பும் அவ்வகைப் பதக்கங்களை அது வெளியிட்டது. செய்தவர் ஒருவரே என்றாலும், போர்க்காலப் பொருளும் பிற்கால அச்சும் ஒன்றாகா.

மூன்றாம் மரபு விளிம்பை முதலில் பார்ப்பது. முதல் உலகப் போர்ப் பதக்கத்தின் ஓரத்தில் எண், பதவி, பெயர், பிரிவு நான்கும் அழுத்தப்பட்டிருக்கும். 1914-15 நட்சத்திரத்தில் அவை பின்புறம் இருக்கும். இந்திய வீரரின் எண் அந்தந்தப் பிரிவுக்கே உரியது என்பதால் எண்ணையும் பிரிவையும் சேர்த்தே படிக்க வேண்டும். இதன் அருமையை ஈராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னம் உணர்த்துகிறது. 40,000-க்கு மேற்பட்ட மடிந்தவர்களுக்கான அந்தக் கல்லில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் உண்டு. சாதாரணச் சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கையாக நிற்கிறார்கள். கல் மறுத்ததைப் பதக்கம் கொடுத்தது. உயிருடன் திரும்பியவருக்கோ நினைவுக்கல்லே கிடையாது, பதக்கம் உண்டு. மடிந்தவர் குடும்பத்துக்குத் தந்த வெண்கல வட்டிலில் எல்லாருடைய தியாகமும் சமம் என்று பதவியை நீக்கிப் பெயரை மட்டும் வார்த்தார்கள்.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். பெயரையும் பொய்யாக எழுதலாமே என்பது முதலாவது. உண்மைதான், ஆனால் பழைய பெயரை அராவினால் விளிம்பு தேயும், காலிப்பர் வைத்தால் குறுக்களவு குறையும். வட்டிலில் பெயர் புடைப்பாக இருக்க வேண்டும்; குழிந்திருந்தால் சந்தேகம். பெயருக்கு இத்தனை சோதனை உண்டு. அந்நியர் ஆட்சியின் சின்னத்தை ஏன் போற்ற வேண்டும் என்பது இரண்டாவது. சேர்ப்பது போற்றுவதாகாது. முத்திரை ஆண்டவனுடையது, பெயர் ஆளப்பட்டவனுடையது. முதலாவதை வெறுப்பதற்காக இரண்டாவதை அழிப்பது நியாயமில்லை. வறுமையில் விற்கும் குடும்பத்தை எப்படிக் குறை சொல்வது என்பது மூன்றாவது. குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் விளிம்பைப் படமெடுத்து வைக்கக் காசு செலவாகாது. பதக்கம் போனாலும் பெயர் தங்கும்.

எனவே ஒரு தொகுப்பின் தரத்தை இப்படி அளக்கலாம்: ஓர் ஆளின் பதக்கங்கள் பிரியாமல் உள்ளனவா; பாலிஷ் போட்டு எழுத்தைத் தேய்க்காமல் இருக்கிறார்களா; எந்த ஊரில், யார் வழியாக வந்தது என்ற குறிப்பு உண்டா. இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் பெயரில்லாதவை பல; அவற்றுக்கு டிஸ்சார்ஜ் புத்தகமும் பென்ஷன் தாளுமே விளிம்பு, அவற்றைத் தனியே குப்பையில் போடக் கூடாது. சட்டமும் நினைவில் இருக்கட்டும்: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருளை மனம்போல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் அந்த வயதை எட்டிவிட்டன. துப்பாக்கி, தோட்டா போன்றவை ஆயுதச் சட்டத்தில் வரும். நம் பகுதிச் சங்கங்கள் விலைப்பட்டியலுக்கு முன்னே ஒரு பெயர்ப்பட்டியல் போடட்டும். செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகளிடம் உருக்குமுன் ஒரு படம் கேட்கட்டும். சில ஆண்டுகளில் அந்தப் பட்டியல், எந்தத் தனி அலமாரியையும் விடப் பெரிய தொகுப்பாக நிற்கும்.