ஆங்கில வகுப்பறையில் உருவமும் உள்ளடக்கமும்

இலக்கிய விவாதங்களில் உருவமும் உள்ளடக்கமும் பிரிக்கவொண்ணாதவை என்று நாம் ஓயாது கூறிவருகிறோம். உள்ளடக்கமற்ற உருவத்தை அலங்காரமென்றும், உருவம் பெறாத உள்ளடக்கத்தைக் கோஷமென்றும் கண்டிக்கிறோம். ஆனால் நம்மிற் பலர் ஆசிரியர்கள். காலையில் ஆங்கில வகுப்பறையுட் புகும்போது இக்கொள்கையை வாயிலிலேயே விட்டுவிட்டுச் செல்கிறோம். ஒருநாள் இலக்கணம் நடத்துகிறோம். அதிற் சொல்வதற்கு எவ்விஷயமும் இல்லை. மற்றொருநாள் கட்டுரை எழுதுவிக்கிறோம். அதற்கும் முன்பு நடத்திய இலக்கணத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. உருவம் ஒரு கொப்பியிலும் உள்ளடக்கம் மறு கொப்பியிலுமாக மாணவர் பத்தாண்டுகளைக் கழிக்கின்றனர். பின்னர், நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லையே என்று அங்கலாய்க்கிறோம்.

இது வெறும் போதனாமுறைப் பிரச்சினையாயின், ஆசிரிய கலாசாலை விரிவுரையாளர்களிடம் விட்டுவிடலாம். அவ்வாறு விடமுடியாமைக்குக் காரணம் உண்டு. இந்நாட்டில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருப்பதோடு, ஒரு சமூக எல்லைக்கோடாகவும் இருந்துவருகிறது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வருமுன்னர் ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் கட்டணம் அறவிட்டன. சுயபாஷைப் பாடசாலைகள் கட்டணமின்றி நடந்தன. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் சீர்திருத்தம் கட்டணச் சுவரைத் தகர்த்தது. தொடர்ந்து தமிழும் சிங்களமும் போதனாமொழிகளாயின. விவசாயியின் மகனும் தொழிலாளியின் மகளும் தாய்மொழியிற் கற்றுப் பல்கலைக்கழகத்துட் புகும் வழி திறந்தது. இவ்வெற்றியை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் நிருவாகத்தின் மேல்மட்டத்திலும், வர்த்தகத்திலும், மேல் நீதிமன்றங்களிலும் ஆங்கிலம் தன் ஆசனத்தைவிட்டு எழவில்லை. சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்குக் ‘கடுவ’ என்று பெயரிட்டனர்; வாள் என்பது அதன் பொருள்.

வாள் என்றதும் பிடி எவர் கையில் என்ற வினா எழுகிறது. வீட்டில் ஆங்கிலம் பேசும் குடும்பத்துப் பிள்ளைக்குப் பாடசாலை எவ்வளவு மோசமாகக் கற்பித்தாலும் பெரு நட்டமில்லை. அது ஆங்கில இலக்கணத்தைச் சாப்பாட்டு மேசையிலேயே கற்றுக்கொள்ளும். பாடசாலையைத் தவிர வேறு போக்கிடமற்ற பிள்ளைக்கோ, வகுப்பறையில் வீணாகும் ஒவ்வொரு பாடவேளையும் ஈடுசெய்ய முடியாத இழப்பாகும்.

நம் கைகளிலுள்ள இலக்கண நூல்களின் வமிசாவளியைச் சற்று நோக்குவோம். 1762இல் றொபேட் லோத் என்னும் மதகுரு எழுதிய சிறுநூல் ஆங்கிலப் பள்ளியிலக்கண மரபிற் பெருஞ் செல்வாக்குப் பெற்றது. பிற்காலத்தில் அவர் லண்டன் மேற்றிராணியாராகவும் விளங்கினார். சிறந்த எழுத்தாளரின் வசனத்திலும் பிழை கண்டு திருத்தும் மனப்பாங்கு அம்மரபில் ஊறியிருந்தது. அம்மரபு நம் பக்கம் வந்தபோது மேலும் இறுகியது. நெஸ்பீல்டின் நூல்களும், பின்னர் 1930களில் வெளிவந்த றென் - மார்ட்டின் இலக்கணமும் பல தலைமுறை ஆசிரியர்களுக்கு வேதமாயின. பி. சி. றென் பம்பாய் மாகாணத்திற் கல்விச் சேவையிற் பணிபுரிந்தவர்; பிரெஞ்சு அந்நியப் படையினரின் ஆபிரிக்கச் சாகசங்களைக் கூறும் ‘போ ஜெஸ்ட்’ என்ற 1924ஆம் ஆண்டு நாவலின் ஆசிரியரும் அவரே. இதனைச் சொல்வது அவ்விலக்கண நூலைப் பழிப்பதற்காக அன்று. அதன் ஒழுங்கும் தெளிவும் பாராட்டத்தக்கவை. நல்லாசிரியர் வாய்க்காத மாணவர் பலர் அதையே துணைக்கொண்டு ஆங்கிலம் கற்றனர். ஆனால் அவ்வகை நூல்களிலுள்ள பயிற்சி வாக்கியங்கள் எவரும் எவருக்கும் சொல்லாதவை. பகுத்தற்கும், மாற்றுதற்கும், இடைவெளி நிரப்புதற்கும் மட்டுமே அவை பிறந்தன.

செய்வினை, செயப்பாட்டுவினைப் பயிற்சியையே உதாரணமாகக் கொள்வோம். ‘இராமன் இராவணனைக் கொன்றான்’ என்பதை ஆங்கிலத்திற் கரும்பலகையில் எழுதுகிறோம். ‘இராவணன் இராமனாற் கொல்லப்பட்டான்’ என்று மாணவர் மாற்றுகின்றனர். எழுவாய் பின்னே போகிறது, செயப்படுபொருள் முன்னே வருகிறது, துணைவினை சேர்கிறது. பத்து வாக்கியம், பத்துப் புள்ளி. ஒருவர் எப்போது, எதற்காக இவ்வாறு மாற்றிச் சொல்வார் என்ற வினாவை எவரும் எழுப்புவதில்லை. இரண்டு வாக்கியங்களும் ஒன்றே என்று நம்பி மாணவன் வீடு செல்கிறான்.

அவை ஒன்றல்ல. ‘தோட்டத்திற் பத்துப்பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர்’ என்று ஒரு செய்தி கூறும்போது, நீக்கியவர் அவ்வாக்கியத்திலிருந்தே நீங்கிவிடுகிறார். சம்பளம் குறைக்கப்பட்டது, காணி சுவீகரிக்கப்பட்டது, கூட்டம் கலைக்கப்பட்டது என்றெல்லாம் வாசிக்கிறோம். மழை பெய்தது போலவும் வெயில் அடித்தது போலவும் இவை தாமே நிகழ்ந்தனவாகத் தோற்றுகின்றன. ஆயினும் இதே செயப்பாட்டுவினை மறைந்திருக்கும் உண்மையை மீட்கவும் வல்லது. 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயர் ‘காணாமல் போன ஆட்கள்’ என்கிறது. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரோ ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றனர். ‘போன’ என்னுமிடத்துப் போனவரே எழுவாய். அவர் தம் விருப்பின்படி எங்கோ சென்றார் போலும். ‘ஆக்கப்பட்ட’ என்றதும், ஆக்கியவர் ஒருவர் உளர் என்பதற்கு இலக்கணமே சாட்சியாகிறது. இலக்கண நூல் எதனையும் துணைக்கழையாமல் அத்தாய்மார் ஒரு வினைச்சொல்லிற் காட்டிய நுட்பத்தை, நம் ஆங்கில வகுப்பறை பத்தாண்டில் ஒருமுறையேனும் காட்டுவதில்லை.

கட்டுரை வகுப்பின் கதையும் இதனினும் மேலானதன்று. மழைநாள், பழைய நாணயத்தின் சுயசரிதை, கடற்கரையில் ஒரு விடுமுறை, எனது இலட்சியம் ஆகிய தலைப்புக்கள் தலைமுறைகளைக் கடந்து வாழ்கின்றன. மாதிரிக் கட்டுரை நூல்களும் ரியூசன் வகுப்புக் குறிப்புக்களும் இவற்றுக்கு ஆயத்த விடைகளை வழங்குகின்றன. மலைநாட்டுப் பாடசாலை ஒன்றில் நாம் கண்ட ஒரு கொப்பியை மறக்க முடியவில்லை. லயத்திற் பிறந்து வளர்ந்து, கடலையே பார்த்திராத மாணவி ஒருத்தி, தகப்பனாரின் மோட்டார் வண்டியிற் கடற்கரை சென்று, மணல்வீடு கட்டி, அந்திச் சூரியனை வியந்து திரும்பியதாக ஒரு பக்கம் பிழையின்றி எழுதியிருந்தாள். ‘மிக நன்று’ என்று அடியிற் குறிப்பிடப்பட்டிருந்தது. அம்மாணவியிடமே, அவர்களுடைய லயத்துக்கு ஒரு வாரமாகத் தண்ணீர் வராததைக் குறித்துத் தோட்டத் துரைக்கு ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதுமாறு கேட்டோம். பேனா அசையவில்லை. காணாத கடலுக்கு அவளிடம் சொற்கள் இருந்தன. வாசலிலுள்ள குழாய்க்கு இல்லை. அவளைக் குறைகூறுவது அநீதி. அவளுடைய வாழ்க்கை ஆங்கிலத்தில் எழுதத்தக்கதன்று என்ற பாடத்தை நாமே அவளுக்குக் கற்பித்திருந்தோம்.

இந்நிலை கண்டு சலித்த சிலர், இலக்கணத்தையே கைவிடுவோம், பேசவும் எழுதவும் விட்டால் மொழி தானே வரும் என்கின்றனர். அவர்கள் பக்கத்தில் ஆதாரமும் உண்டு. 1963இல் அமெரிக்காவிற் பிறட்டொக், லோயிட்-ஜோன்ஸ், ஷோயர் ஆகிய மூவரும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். இலக்கணத்தைத் தனியே கற்பிப்பதால் எழுத்து மேம்படுவதில்லை, எழுதும் நேரத்தைக் கவர்ந்துகொள்வதாற் கேடும் விளையலாம் என்பது அவர்களது முடிவு. 2007இல் ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின் ஆகியோர் வெளியிட்ட அறிக்கையும் தனியிலக்கணப் போதனையால் எழுத்துக்கு நன்மை காணவில்லை. குறுவாக்கியங்களை இணைத்து நெடுவாக்கியமாக்கும் பயிற்சியும், திட்டமிட்டு எழுதித் திருத்தும் முறையைக் கற்பித்தலும், பலர் சேர்ந்தெழுதுதலும் பயன் தருவதாக அது கண்டது.

இம்முடிவுகளை அப்படியே இறக்குமதி செய்வதும் தவறாகும். அவ்வாய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தைப் பேசிக்கொண்டே பாடசாலைக்கு வந்த பிள்ளைகளைப் பற்றியவை. வினைமுற்றை வாக்கிய இறுதியிலும், உருபைப் பெயருக்குப் பின்னும் வைத்துப் பேசும் தமிழ்ப் பிள்ளைக்கு விதியும் ஒரு வழிகாட்டியே. இவ்விடத்திற் சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட நூல் சிந்தனைக்குரியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாம் ஆங்கிலம் கற்பித்த வகுப்பை அவர் அதில் ஆராய்கிறார். அமெரிக்க வாழ்வைச் சித்திரித்த பாடநூலின் ஓரங்களில் மாணவர் தம் சொந்தக் குறிப்புக்களையும் படங்களையும் வரைந்திருந்தனர். நாட்டின் போராட்டமும் தமிழ்ச் சினிமாவும் அங்கே இடம்பெற்றன. அதே மாணவர், தமக்கு இலக்கணமே வேண்டுமென்றும் கேட்டனர். அந்நிய வாழ்வைத் தம்மேற் சுமத்தாததும், பரீட்சைக்கு உதவுவதுமான பகுதியாக இலக்கணம் அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. இக்கோரிக்கையை அறியாமை என்று ஒதுக்குதல் தகாது. வாளை ஏற்கெனவே உடையவர்க்கே அதைத் துச்சமாகப் பேசுதல் எளிது. ஆயினும் அப்பாடநூலின் பக்கங்கள் நமக்கொரு படிப்பினை தருகின்றன: உருவம் பக்கத்தின் நடுவில் இருந்தது, உள்ளடக்கம் ஓரத்திற் கிடந்தது. ஓரத்திலுள்ளதை நடுவுக்குக் கொணர்வதே ஆசிரியரின் பணி.

எவ்வாறு கொணர்வது? மேற்கூறிய தண்ணீர் விஷயத்துக்கே திரும்புவோம். மாணவி முதலில் அதைத் தமிழிற் சொல்லட்டும்; தமிழைத் தடுப்பது மடமை. பின்னர் தெரிந்த ஆங்கிலச் சொற்களால் ஐந்தாறு குறுவாக்கியங்கள் எழுதட்டும். அவற்றுள்ளேயே நாம் கற்பிக்கவேண்டிய இலக்கணம் கிடக்கிறது. குழாயை முதன்முறை குறிப்பிடும்போது எக்குழாய் என்பதைத் துரை அறியார். இரண்டாம் முறை அறிவார். ஆங்கிலத்தில் ‘ஏ’, ‘த’ என்னும் சிறுசொற்கள் இவ்வேறுபாட்டைக் கட்டாயமாகக் காட்டுகின்றன. தமிழில் ‘ஒரு குழாய்’, ‘அந்தக் குழாய்’ என்று வேண்டியபோது மட்டும் சொல்கிறோம். இவ்வொப்பீடு, நூறு இடைவெளிகளை நிரப்புவதினும் தெளிவு தரும். ‘தண்ணீர் நிறுத்தப்பட்டது’ என்று அவள் எழுதினால், நிறுத்தியவர் எவரெனக் கேட்போம். அறிந்தால் எழுவாயாக வைத்து எழுதலாம். அறியாவிடினும், சொல்வது ஆபத்தாயினும், செயப்பாட்டுவினையே பொருத்தம். தெரிவு அவளுடையது. குழந்தைகள் ஓடைத் தண்ணீர் குடிப்பதையும் அவர்கள் நோயுறுவதையும் காரணச்சொல்லால் இணைக்கும்போது, இடைச்சொல்லோடு வாதிக்கவும் கற்றுக்கொள்கிறாள். ‘இருமுறை முறையிட்டோம், ஆயினும்’ என்று தொடங்கினால் வாதம் வலுப்பெறுகிறது. கட்டுரையென்பது இத்தகைய வாதத்தின் விரிவேயாம்.

இதிற் தமிழாசிரியருக்கும் பங்குண்டு. வேற்றுமை, எச்சம், செயப்பாட்டுவினை யாவும் தமிழ்ப் பாடத்தில் மாணவர் கற்றவையே. ஆனால் ஒரே ஓய்வறையில் அமர்ந்திருக்கும் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் இவைபற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. ‘இலக்கணச் சுருக்கம்’ எழுதிய ஆறுமுகநாவலர், பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, அவரது விவிலிய மொழிபெயர்ப்புக்கும் உதவியவர். இருமொழி அறிவும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதற்கு நம் மரபிலேயே சான்றுண்டு.

திருத்தும் முறையும் மாறவேண்டும். நாற்பது கொப்பிகளைச் சிவப்பு மையால் நிரப்புகிறோம்; மாணவன் புள்ளியைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடுகிறான். ஒருமுறைக்கு ஒருவகைப் பிழையை மட்டும் சுட்டி, அதே கட்டுரையை மறுபடி எழுதுவிப்பது ஆசிரியரின் சுமையையும் குறைக்கும். பரீட்சை என்னாவது என்று சிலர் கேட்கலாம். மனனம் செய்தவர் தலைப்பு மாறினால் வீழ்வர். தம் சொல்லை எழுதிப் பழகியவர் எத்தலைப்பிலும் நாலு வரி எழுதுவர். தகுதிபெற்ற ஆங்கில ஆசிரியர் வாய்க்காத தோட்டப் பாடசாலைக்கும் கிராமப் பாடசாலைக்கும் எந்த முறையும் விமோசனம் தராது என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆசிரியரைக் கோரும் போராட்டமும், இருக்கும் ஆசிரியர் முறையை மாற்றும் முயற்சியும் ஒருங்கே நடைபெறவேண்டியவை.

அம்மாணவி ஈற்றில் எழுதிய கடிதம் ஆறு வரிகளே. அவற்றிற் பிழைகள் பல இருந்தன. அவற்றை அவளே இருமுறை திருத்தினாள். கடற்கரைக் கட்டுரையின் அழகு அதில் இல்லை. ஆனால் தண்ணீர் எத்தனை நாளாக வரவில்லை, யார் யார் நோயுற்றனர், எவரிடம் முறையிட்டனர் என்பவை யாவும் அதில் இருந்தன. அடியிற் தன் பெயரை எழுதி ஒப்பமிட்டாள். ஆங்கிலத்தில் அவள் எழுதிய முதற் கட்டுரை அதுவே என்று நாம் கருதுகிறோம். அத்தகைய கட்டுரைகள் எழுதப்படும் வகுப்பறைகளை ஆக்கும் பொறுப்பு, உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பற்றி இவ்வளவு காலம் பேசிவந்த நம்முடையதே.